தானே திருத்தும் வீட்டுப்பாடம்: என்ஜினீயரிங் வகுப்பில் புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு

60 பேர் இருக்கும் வகுப்பில் வாரம் 5 கணக்கு கொடுத்தால் 300 கணக்கு திருத்த வேண்டும். ஒரு ஆளால் முடிகிற காரியமில்லை. அதனால்தான் பல கல்லூரிகளில் அசைன்மென்ட் என்பது செமஸ்டருக்கு இரண்டு மூன்றோடு நின்றுபோகிறது. அதுவும் ஒருவர் நோட்டிலிருந்து அடுத்தவர் நோட்டுக்கு இறங்கி, கையெழுத்து மட்டும் மாறி வந்து சேர்கிறது. நாம் திருத்திக் கொடுப்பதற்குள் பாடம் அடுத்த யூனிட்டுக்குப் போயிருக்கும். அப்போது சிவப்பு மையில் சுழித்த இடத்தை எந்த மாணவர் உட்கார்ந்து பார்ப்பார்?

ஒவ்வொருவருக்கும் வேறு வேறு எண் கொடுத்து, பதிலைப் போட்ட உடனேயே சரியா தவறா என்று சொல்லிவிடும் கணினி வீட்டுப்பாடம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. இது நேற்று வந்ததல்ல. அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களுக்காக 1992இல் காப்பா என்ற மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். 1990களின் நடுவில் ராசெஸ்டர் பல்கலைக்கழகக் கணிதத் துறை வெப்வொர்க்கை உருவாக்கியது. இன்று இல்லினாய் பல்கலைக்கழக என்ஜினீயரிங் வகுப்புகளில் ப்ரெய்ரிலேர்ன் ஓடுகிறது. நம் கல்லூரிகளில் அதிகம் கைக்குக் கிடைப்பது மூடுல். பாடக் குறிப்பு, குவிஸ் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்த 2002இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இலவச மென்பொருள் அது. பல கல்லூரிகளில் ஏற்கனவே நிறுவியிருப்பார்கள்; பிடிஎஃப் போட்டுவைக்க மட்டுமே பயன்பட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கட்டுரை மூடுலை வைத்தே போகிறது. வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்குப் பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். திருத்துகிற வேலை குறையும் என்பதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். முதல் செமஸ்டரில் வேலை கூடத்தான் செய்யும். மாணவர் தான் செய்த தவறை, பேனா இன்னும் கையில் இருக்கும்போதே பார்க்கிறார். அதே தவறை எத்தனை பேர் செய்தார்கள் என்று மறுநாள் வகுப்புக்கு முன் நீங்கள் பார்க்கிறீர்கள். இந்த இரண்டும் நடந்தால் இது பலன் தரும். நடக்காவிட்டால் இன்னொரு குவிஸ், இன்னொரு மார்க் பட்டியல், அவ்வளவே.

சின்னதாகத் தொடங்குங்கள்

ஒரு பாடம், அதில் ஒரு யூனிட், அதில் 4 அல்லது 5 கேள்வி. முதல் மாதத்துக்கு இது போதும். பொறியியல் இயக்கவியல், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், சர்க்யூட் தியரி, தெர்மோடைனமிக்ஸ் மாதிரி, பதில் ஓர் எண்ணாக வரும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம், வடிவமைப்பு, கருத்து விளக்கம் வேண்டிய பாடத்தை இதற்குள் திணிக்க வேண்டாம். ஃப்ரீ பாடி டயக்ராம் சரியாக வரைந்திருக்கிறாரா என்பதைக் கணினி பார்க்காது. அது நோட்டில்தான் இருக்க வேண்டும், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கல்லூரியில் மூடுல் இல்லையென்றால் கூகுள் ஃபார்ம்ஸ் நினைவுக்கு வரும். அதில் எல்லோருக்கும் ஒரே எண்தான். கேள்வி போன பத்தாவது நிமிடம் பதில் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். அதற்குப் பதில் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் நம்பாஸைப் பாருங்கள். அதில் செய்த பயிற்சியை எந்த இணையதளத்திலும் ஏற்றிவைக்கலாம், மாணவரின் பிரௌசரிலேயே ஓடும். பிரௌசரிலேயே திருத்துவதால் விவரம் தெரிந்த மாணவர் பதிலைத் தோண்டி எடுத்துவிட முடியும். ஆகவே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம், மார்க்குக்கு வேண்டாம்.

முதல் கேள்வியைச் செய்து பார்ப்போம்

பழகிய கணக்கு ஒன்றை எடுப்போம். ஒரு முனை சுவரில் பதிந்த கான்டிலீவர் பீம். மறுமுனையில் ஒரு சுமை. செவ்வகக் குறுக்குவெட்டு. நுனியில் டிஃப்லெக்‌ஷன் எவ்வளவு? சுமையை நீளத்தின் கனத்தால் பெருக்கி, மூன்று மடங்கு யங் மாடுலஸ் பெருக்கல் மொமென்ட் ஆஃப் இனெர்ஷியாவால் வகுத்தால் விடை. இனெர்ஷியா என்பது அகலம் பெருக்கல் ஆழத்தின் கனம், வகுத்தல் 12.

மூடுலின் கேள்வி வங்கியில் ‘கால்குலேட்டட் சிம்பிள்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். கேள்வி வாசகத்தில் எண் வர வேண்டிய இடத்தில் எல்லாம் நெளி அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தை வையுங்கள். சுமைக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று. விடை பெட்டியில் அதே எழுத்துகளை வைத்துச் சூத்திரத்தை எழுதுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் எதிலிருந்து எது வரை என்று எல்லை கொடுத்தால், அதற்குள் எண்களை மூடுலே தயாரித்துவிடும். 60 பேருக்கு 40, 50 தொகுப்பு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதே எண் வருவது அபூர்வம்.

சூத்திரம் எழுதும்போது புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மூன்று. அடுக்கைக் குறிக்க எக்ஸலில் போடும் கூரைக் குறி இங்கே எடுபடாது. பவ் என்ற ஃபங்ஷனில் எழுத வேண்டும். பை என்ற எண் வேண்டுமானால் அதன் ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறி ஒன்றைத் திறந்து மூட வேண்டும். சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் ஓடும். கேள்வியில் 30 டிகிரி என்று கொடுத்துவிட்டு, சூத்திரத்தில் அதை ரேடியனாக மாற்றாமல் விட்டால், சரியாகப் போட்ட 60 பேரும் தவறு என்று வரும். டிகிரியை ரேடியனாக்கும் ஃபங்ஷன் மூடுலிலேயே இருக்கிறது.

எல்லைகளைத் தேர்ந்தெடுப்பதில் அவசரப்படாதீர்கள். கேள்வியின் தரமே இங்கேதான் இருக்கிறது. சுமை 2 முதல் 10 கிலோ நியூட்டன், நீளம் 1 முதல் 3 மீட்டர், அகலம் 150 மி.மீ. வரை, ஆழம் 300 மி.மீ. வரை என்று தாராளமாக விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யங் மாடுலஸ் எஃகுக்கு 200 கிகா பாஸ்கல். ஒரு மாணவருக்கு 2 கிலோ நியூட்டன், 1 மீட்டர், 150, 300 என்று விழுகிறது. அவருடைய விடை 0.0099 மி.மீ. அவர் வழக்கம்போல இரண்டு தசமத்தில் 0.01 என்று போடுகிறார். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கு மேல். கணினி ‘தவறு’ என்கிறது. முறையெல்லாம் சரியாகச் செய்தவர் மனம் விட்டுப்போவது இப்படித்தான்.

சுமை 5 முதல் 10, நீளம் 2 முதல் 3, அகலம் 75 முதல் 100, ஆழம் 150 முதல் 200 என்று சுருக்குங்கள். இப்போது எந்த எண் விழுந்தாலும் விடை 1 மி.மீ.க்கும் 21.3 மி.மீ.க்கும் இடையில் இருக்கும். அதிகபட்ச வளைவுத் தகைவு சுமார் 107 மெகா பாஸ்கல். சாதாரண எஃகு 250 வரை தாங்கும் என்பதால் பீம் மீள்தன்மை எல்லைக்குள்ளேயே இருக்கிறது, சூத்திரமும் செல்லும். இந்தச் சோதனையை ஒவ்வொரு கேள்விக்கும் செய்யுங்கள். குழாய் ஓட்டக் கணக்கில் லாமினார் (அடுக்கடுக்கான சீரான ஓட்டம்) சூத்திரத்தை விடையாக எழுதிவிட்டு, எல்லையைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ரெய்னால்ட்ஸ் எண் 5000 என்று வரும்; அது டர்புலன்ட், அதாவது கொந்தளிப்பான ஓட்டம். அந்த மாணவர் டர்புலன்ட் என்று சரியாகப் புரிந்துகொண்டு போட்டால் மார்க் போய்விடும். புரிந்தவரைத் தண்டிக்கும் கேள்வியை வெளியே விடக் கூடாது.

எண்களின் தோற்றமும் முக்கியம். அகலம் 87.43 மி.மீ. என்று எந்த வரைபடத்திலும் வராது. அகலத்துக்கும் ஆழத்துக்கும் தசமம் பூஜ்யம், நீளத்துக்கு ஒன்று என்று வைத்துவிடுங்கள்.

பிழை வரம்பு

டாலரன்ஸ் என்ற பெட்டியில் 0.01 என்று போட்டு, ரிலேட்டிவ் என்று தேர்ந்தெடுத்தால் ஒரு சதவீதம் முன்னே பின்னே ஏற்றுக்கொள்ளும். ஒரு சதவீதம்தானே என்று அங்கே 1 என்று எழுதிவிடாதீர்கள். அது 100 சதவீதம். பூஜ்யத்திலிருந்து இரண்டு மடங்கு வரை எதைப் போட்டாலும் சரி என்றாகிவிடும்.

எவ்வளவு வைப்பது? புவியீர்ப்பு முடுக்கம் வரும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 9.81க்குப் பதில் 9.8 போட்டால் வித்தியாசம் 0.1 சதவீதம். 10 போட்டால் ஏறக்குறைய 1.9 சதவீதம். வரம்பு 2 சதவீதம் என்றால் 10 போட்டவரும் தேறிவிடுவார். ஒரு சதவீதம் என்றால் தேற மாட்டார். எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்து, கேள்வியிலேயே ‘9.81 எடுத்துக்கொள்க’ என்று எழுதிவிட வேண்டும். நீராவி அட்டவணையிலிருந்து இன்டர்போலேட் செய்யும் கணக்குகளுக்கு 2 சதவீதம் நியாயம். மற்றவற்றுக்கு 1 போதும். இடைப்பட்ட படிகளில் எண்ணைச் சுருக்காதீர்கள், கடைசியில் மூன்று முக்கிய இலக்கத்துக்குச் சுருக்குங்கள் என்று மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

விடை பூஜ்யமாக வரக்கூடிய கணக்கில் ரிலேட்டிவ் வேலை செய்யாது. ட்ரஸ்ஸில் விசை இல்லாத உறுப்பைக் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள் என்றால் நாமினல் என்பதற்கு மாற்றி, ஒரு சின்ன எண்ணை வரம்பாகக் கொடுங்கள். இழுவிசைக்குக் கூட்டல் குறி, அமுக்கத்துக்குக் கழித்தல் குறி என்பதையும் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும். குறியில் வரும் சண்டைதான் ஸ்டாட்டிக்ஸில் அதிகம்.

தவறான பதிலுக்கும் ஒரு பதில்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செயல்படுத்தப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

மேலே சொன்ன பீமில் சுமை 5 கிலோ நியூட்டன், நீளம் 2 மீட்டர், அகலம் 100, ஆழம் 200 என்று விழுந்த மாணவரை எடுத்துக்கொள்வோம். சரியான விடை கணக்காக 1 மி.மீ. ஆனால் அவர் 4 என்று போடுகிறார். 4 எங்கிருந்து வரும்? இனெர்ஷியாவில் அகலத்தையும் ஆழத்தையும் இடம் மாற்றிப் போட்டால் வரும். இன்னொருவர் 0.0625 என்று போடுகிறார். அது சரியான விடையில் பதினாறில் ஒரு பங்கு. 3க்குப் பதில் 48 போட்டிருக்கிறார், அதாவது இருபுறமும் தாங்கிய பீமின் சூத்திரம். மூன்றாமவர் 0.001. கிலோ நியூட்டனை நியூட்டனாக மாற்றவில்லை. இன்னொருவர் 0.083. இனெர்ஷியாவில் 12ஆல் வகுக்க மறந்துவிட்டார்.

வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவருக்கு இந்தத் தவறுகள் எல்லாம் மனப்பாடம். அவற்றை மூடுலுக்குச் சொல்லிக் கொடுக்கலாம். விடை பெட்டிக்குக் கீழே இன்னும் பல விடைகளைச் சேர்க்க இடம் உண்டு. சரியான சூத்திரத்தை முதலில் வைத்து, அதன் கீழே அகலமும் ஆழமும் மாறிய சூத்திரத்தை இன்னொரு விடையாக எழுதுங்கள். அதற்கு மார்க் எதுவும் வேண்டாம். பின்னூட்டப் பெட்டியில் மட்டும் எழுதுங்கள்: “பீம் எந்தத் திசையில் வளைகிறது? அந்தத் திசையில் இருக்கும் அளவைத்தான் கனப்படுத்த வேண்டும். மறுபடி பாருங்கள்.” 48 போட்டவருக்கு: “மறுமுனைக்குக் கீழே தாங்கல் ஏதாவது இருக்கிறதா? படத்தைப் பாருங்கள்.” மூன்றாமவருக்கு: “சுமையின் அலகு என்ன? யங் மாடுலஸின் அலகு என்ன?”

சரியான விடையைச் சொல்லாமல், பார்க்க வேண்டிய இடத்தைச் சொல்கிறோம். இரவு 10 மணிக்கு விடுதி அறையில் தனியாக உட்கார்ந்து கணக்குப் போடும் மாணவருக்கு அந்த ஒரு வரி, நாம் பக்கத்தில் நின்று சொல்வதற்குச் சமம். வெறும் ‘தவறு’ என்ற சொல் அவருக்கு ஒன்றுமே கற்றுக்கொடுக்காது. அடுத்து அவர் செய்வது எண்ணை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதுதான்.

இங்கேயும் எல்லைகள் உதவுகின்றன. நாம் வைத்த எல்லையில் ஆழம் எப்போதும் அகலத்தைப் போல குறைந்தது ஒன்றரை மடங்கு. ஆகவே இடம் மாறிய விடை சரியான விடையைப் போல குறைந்தது 2.25 மடங்கு இருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. அகலமும் ஆழமும் சமமாக வரும்படி விட்டிருந்தால் தவறாகப் போட்டவருக்கும் சரி என்று வந்திருக்கும்.

பின்னூட்டத்தைத் தமிழிலும் எழுதலாம். மூடுலில் தமிழ் எழுத்து சிக்கலில்லாமல் வரும். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலவழி வகுப்பிலும் பள்ளிப் படிப்பைத் தமிழில் முடித்துவிட்டு வந்த முதலாண்டு மாணவர்கள் நிறைய. கேள்வி ஆங்கிலத்தில் இருக்கட்டும், தேர்வு அப்படித்தான் வரும். தவறு எங்கே என்று சொல்லும் வரி அவர் மொழியில் இருந்தால் சட்டென்று பிடிபடும். இதற்கு எந்தத் தடையும் இல்லை. நம்மில் பலர் யோசிப்பதில்லை, அவ்வளவுதான்.

குவிஸ் அமைப்புகள்

கேள்வி நடத்தை என்ற இடத்தில் ‘இன்டராக்டிவ் வித் மல்டிபிள் ட்ரைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘டிஃபர்டு ஃபீட்பேக்’ என்பது தேர்வுக்கு உரியது. எல்லாம் முடித்துச் சமர்ப்பித்த பிறகே முடிவு தெரியும். இன்டராக்டிவில் ஒவ்வொரு கேள்வியையும் அங்கேயே சரிபார்த்து, குறிப்பைப் படித்து, மறுபடி முயலலாம். எத்தனை முறை முயலலாம் என்பது நீங்கள் எழுதும் குறிப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இரண்டு குறிப்பு எழுதினால் மூன்று முயற்சி. ஒரு குறிப்பும் எழுதாவிட்டால் ஒரே முயற்சிதான். இதைத் தெரியாமல் ‘மறுபடி முயலும் பொத்தான் வரவில்லையே’ என்று தேடுபவர்கள் உண்டு.

ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் மூடுல் தானாகவே மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கும். வீட்டுப்பாடத்துக்கு இது மிகக் கடுமை. 10 சதவீதமாகக் குறையுங்கள். பூஜ்யமாக வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எண் போட்டுப் பார்ப்பார்கள். 10 சதவீதம் இருந்தால் ஒரு முறை யோசிப்பார்கள், பயந்து விலகவும் மாட்டார்கள்.

முழுக் குவிஸையும் எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம், அதிகபட்ச மார்க்கே கணக்கில் வரும் என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் எண் மாறும். நேர வரம்பு வேண்டாம். எண் மட்டும் மாறாமல் கேள்வியே மாற வேண்டுமானால், கேள்வி வங்கியில் ஒரே வகைக் கேள்விகளை ஒரு பிரிவில் போட்டு, அதிலிருந்து ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்லலாம்.

முடிவு நேரத்தை நள்ளிரவு 12 மணி என்று வைப்பது பழக்கமாகிவிட்டது. நான் பரிந்துரைப்பது, அடுத்த வகுப்புக்கு முந்தைய நாள் மாலை 6 மணி. அப்போது விடுதி வைஃபையில் நெரிசல் குறைவு, ஏதாவது சிக்கல் என்றால் நீங்களும் விழித்திருப்பீர்கள், அன்றிரவே முடிவுகளைப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்புக்குப் போகலாம். லேப்டாப் இல்லாத மாணவர்கள் இருக்கிறார்கள். போனில் கேள்வி சரியாகத் தெரிகிறதா என்று உங்கள் போனில் ஒரு முறை முழுவதும் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஒரு மாலை கம்ப்யூட்டர் லேபைத் திறந்துவைக்க ஏற்பாடு செய்ய முடிந்தால் பெரிய உதவி.

எவ்வளவு மார்க்

குறைவாக வையுங்கள். ஆனால் பூஜ்யமாக வைக்காதீர்கள். மார்க்கே இல்லையென்றால் வேறு பாடத்துக்கு ரெக்கார்டு எழுதப் போய்விடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதிகமாக வைத்தால் காப்பி தொடங்கும். ஐஐடிகள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் சான்றிதழ் பாடங்களில் வார அசைன்மென்டுக்கு 25 சதவீதம், தேர்வுக்கு 75 சதவீதம். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 வாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நம் மாணவர்களில் பலருக்கு அந்த முறை பழக்கம். அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மோசமான சில வாரங்களை விட்டுவிடும் ஏற்பாட்டை. காய்ச்சல், ஊர்த் திருவிழா, கரண்ட் கட் என்று தனித்தனியாக அனுமதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்காது. மூடுல் மார்க் பட்டியலில் குறைந்த மார்க்குகளைத் தானாக நீக்கும் வசதி இருக்கிறது.

முதல் வாரம்

முதல் குவிஸ் பாடத்தைப் பற்றியதாக இருக்கக் கூடாது. பதிலை எப்படி உள்ளிடுவது என்பதற்கான பயிற்சியாக இருக்க வேண்டும். மிகச் சின்ன எண்களுக்கு ஆங்கில ‘ஈ’ போட்டு எழுதும் முறை, ஆயிரத்துக்குக் கமா போடக் கூடாது என்பது, கழித்தல் குறி, பின்னத்தைத் தசமமாக்குவது. இதற்கு 10 நிமிடம் வகுப்பிலேயே ஒதுக்குங்கள். இரண்டாம் வாரத்தில் ‘நான் சரியாகத்தான் போட்டேன், சிஸ்டம் தப்பு என்கிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதிலேயே அடங்கிவிடும்.

கணக்கை முழுவதும் நோட்டில் போட வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். எழுத்துகளை வைத்தே கடைசி வரை கொண்டுபோய், இறுதியில் எண்களைப் போடச் சொல்லுங்கள். அப்படிச் செய்தவருக்கு மறுமுயற்சியில் எண் மாறினால் இரண்டு நிமிட வேலைதான். முதல் வரியிலேயே எண்ணைப் போட்டவர் முழுக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். இந்தப் பழக்கத்தை நாம் வாயால் எத்தனை முறை சொன்னாலும் வராது, எண் மாறும் கேள்விகள் தானாக வரவழைத்துவிடுகின்றன. வாரத்துக்கு 5 பேர் நோட்டை மட்டும் வாங்கிப் பார்த்தால் போதும்.

வகுப்புக்கு முன் பார்க்க வேண்டியவை

குவிஸ் முடிந்ததும் ரெஸ்பான்ஸஸ் அறிக்கையைத் திறந்து, முதல் முயற்சியை மட்டும் காட்டச் சொல்லுங்கள். கடைசி முயற்சியைப் பார்த்தால் எல்லோரும் சரி என்றுதான் இருக்கும். நமக்கு வேண்டியது முதலில் எங்கே தடுமாறினார்கள் என்பது. ஸ்டாடிஸ்டிக்ஸ் அறிக்கையில், நீங்கள் எழுதிவைத்த ஒவ்வொரு தவறான விடையிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று எண்ணிக்கையோடு வரும். வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பேர் அகலத்தையும் ஆழத்தையும் மாற்றியிருந்தால் மறுநாள் முதல் 10 நிமிடம் அதற்குத்தான். ஒரு ஸ்கேலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். படுக்கவைத்து வளைத்துக் காட்டுங்கள், பிறகு நிமிர்த்திவைத்து வளைக்க முயலச் சொல்லுங்கள்.

அதே அறிக்கையில் ஃபெசிலிட்டி இன்டெக்ஸ் என்ற எண் இருக்கும். வகுப்பு சராசரியாக எவ்வளவு மார்க் எடுத்தது என்பது அது. அது திடீரென்று 10, 15 சதவீதத்துக்கு இறங்கினால் மாணவர்களைச் சந்தேகிக்கும் முன் உங்கள் சூத்திரத்தைச் சந்தேகியுங்கள். நன்றாகப் படிப்பவர்கள் எல்லாம் தவறாகவும் மற்றவர்கள் சரியாகவும் போட்டிருக்கிறார்கள் என்று டிஸ்கிரிமினேஷன் இன்டெக்ஸ் கழித்தலில் வந்தால் கேள்வியில் நிச்சயம் ஏதோ கோளாறு. சூத்திரத்தைத் திருத்திவிட்டு ‘ரீகிரேடு’ பொத்தானை அழுத்தினால் எல்லோருடைய மார்க்கும் மறுபடி கணக்கிடப்படும். வகுப்பில் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். கேள்வியில் தவறு இருக்கலாம், இருந்தால் சரிசெய்யப்படும் என்று தெரிந்தால்தான் மாணவர்கள் இந்த முறையை நம்புவார்கள்.

காப்பியும் ஏ.ஐ.யும்

எண்கள் மாறுவதால் பதிலைப் பகிர முடியாது, முறையைத்தான் பகிர முடியும். ‘எனக்கு இப்படி வந்தது, நீ இந்த இடத்தில் இதைப் போடு’ என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுத்தால் அதைத் தடுக்காதீர்கள். அதுவும் படிப்புதான்.

ஏ.ஐ. வேறு விஷயம். திரையைப் போட்டோ எடுத்துப் போட்டால் படிப்படியாகக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும் செயலிகள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. எண்களை மாற்றுவது இதைத் தடுக்காது, கேமரா வைத்துக் கண்காணிப்பதும் வீட்டுப்பாடத்துக்குப் பொருந்தாது. பலன் தருவது ஒன்றுதான்: மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வகுப்பிலேயே, பேனா, தாள், கால்குலேட்டரோடு 20 நிமிடத் தேர்வு. கேள்வி அதே வீட்டுப்பாடக் கேள்வி, எண் மட்டும் வேறு. இதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள். வீட்டுப்பாடத்தில் முழு மார்க்கும் வகுப்புத் தேர்வில் கால்வாசியும் எடுத்தவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம். குற்றம் சாட்டத் தேவையில்லை, அவருக்கே புரிந்திருக்கும்.

எண்ணைத் தாண்டி

ஒரு செமஸ்டர் கழிந்து கை பழகியதும் சில ப்ளக்-இன்களைப் பார்க்கலாம். விடை ஒரு கோவையாக வரும்போது, உதாரணமாக வளைவுத் திருப்புத்திறனைத் தூரத்தின் சார்பாக எழுதச் சொல்லும்போது, ஸ்டாக் உதவும். 2004இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சாங்வின் உருவாக்கியது. உள்ளே மேக்ஸிமா என்ற கணித மென்பொருள் இருப்பதால் மாணவர் கோவையை எந்த வடிவில் எழுதினாலும் சமமா என்று அதுவே பார்த்துக்கொள்ளும். நிறுவுவதற்குக் கல்லூரியின் சர்வர் நிர்வாகி வேண்டும். எதிர்விசை, திருப்புத்திறன், டிஃப்லெக்‌ஷன் என்று பல பகுதியாகப் போகும் கணக்குக்கு ஃபார்முலாஸ் ப்ளக்-இன் வசதி. புரோகிராமிங் பாடமென்றால் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் உருவான கோட்ரன்னர். மாணவர் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்தே மார்க் போடும்.

செமஸ்டர் முடிந்ததும்

கேள்வி வங்கியை மூடுல் எக்ஸ்எம்எல் வடிவில் தரவிறக்கி உங்கள் கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் மாறும், ஆட்கள் மாறுவார்கள், கல்லூரியின் மூடுல் புதுப்பிக்கப்படும்போது பழைய பாடங்கள் அழிந்துபோவதும் உண்டு. ஒவ்வொரு கேள்வியின் பெயரிலும் பாடம், யூனிட், கடினம் மூன்றையும் எழுதிவையுங்கள். ‘புதிய கேள்வி 3’ என்ற பெயரில் 80 கேள்வி இருந்தால் அடுத்த வருஷம் உங்களுக்கே எது எதுவென்று தெரியாது. அதிகம் பேர் விழுந்த தவறான விடைகளைக் குறித்துக்கொண்டு, நீங்கள் எதிர்பார்க்காத புதுத் தவறு எதுவும் பட்டியலில் தலைகாட்டியிருந்தால் அதற்கும் ஒரு பின்னூட்ட வரியை விடுமுறையிலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். பக்கத்துக் கல்லூரியில் அதே பாடம் நடத்தும் நண்பருக்கு அந்தக் கோப்பை அனுப்பினால் அவர் தன் மூடுலில் அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். அவர் வகுப்பில் வந்த தவறுகள் அடுத்த செமஸ்டரில் உங்கள் கேள்விகளுக்குள் வந்து சேரும்.